வலது காலின் கடைமடை

ஸ்கிரீனைப் பார்க்காதீர்கள். இதயத்துக்குக் கம்பி விடுகிற கேத் லேபுக்குப் புதிதாக வருகிற நர்ஸுகள் எல்லோரும் ஆரம்பத்தில் அதைத்தான் பார்க்கிறீர்கள். கறுப்பு வெள்ளையில் இதயம் துடிக்கும், கம்பி நெளியும், டாக்டர் இங்கிலீஷில் ஏதோ முணுமுணுப்பார், நீங்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பீர்கள். நானும் நின்றவள்தான். ஆனால் ரிட்டையர் ஆகிற வரைக்கும் எனக்கு அந்த லேபில் சோறு போட்டது ஸ்கிரீன் இல்லை, தொடையிடுக்கு. சிரிக்காதீர்கள். சிரிக்கிறவர்கள் எல்லாம் ஒருநாள் அங்கேதான் கையை வைத்து அழுத்திக்கொண்டு, மூக்கு அரித்தால்கூடச் சொறிய முடியாமல் நிற்கப் போகிறீர்கள்.

சாதாரண ஆஞ்சியோ ஓட்டை என்றால் கையால் அழுத்தினாலே நின்றுவிடும். இதய வால்வு மாற்றுகிற ஓட்டை அந்த ரகம் இல்லை. புது வால்வு மடங்கி உள்ளே போக வேண்டும், அதனால் தொடையிலிருக்கிற பெரிய ரத்தக்குழாயில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு வழி பண்ணுகிறோம். அதை மூடுவதற்கு முதலிலேயே நூலைக் கோத்து வைத்துவிட வேண்டும். வேலை முடிந்ததும் உள்ளே விட்ட பிளாஸ்டிக் குழாயை உருவிக்கொண்டே முடிச்சை இறக்கி இறுக்க வேண்டும். அந்த நேரத்தில் லேபில் ஒருவரும் பேச மாட்டோம், எங்கள் டாக்டரைத் தவிர.

எங்கள் டாக்டர் சென்னைக்காரர். கை தங்கம், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. வாய்தான் சும்மா இருக்காது. நோயாளிக்கு அவருடைய பாஷையில் விளக்க வேண்டும் என்று ஏதோ ஒரு கருத்தரங்கில் கேட்டுவிட்டு வந்தார். தஞ்சாவூர் ஜனங்களுக்கு விவசாயத்தைத் தவிர வேறு பாஷை கிடையாது என்று அவராகவே முடிவு பண்ணிக்கொண்டார். கார் டிரைவரிடம் கேட்டு மதகு, மடை, வாய்க்கால், வரப்பு என்று நாலு வார்த்தையை மனப்பாடம் செய்தார். ஒரு பேங்க் மேனேஜரிடம் போய், "சார், உங்க மெயின் வாய்க்கால்ல வண்டல் சேர்ந்திருக்கு" என்றார். அந்த மனிதர் மிரண்டுபோய், "டாக்டர், எனக்கு நிலமே இல்லையே" என்றார். அப்போதாவது டாக்டர் நிறுத்தியிருக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் கோவிந்தசாமி ஐயா வந்து சேர்ந்தார். முத்துப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். சுத்தமான கடைமடை. வெளியூர்க்காரர்கள் யாராவது இருந்தால் சொல்லிவிடுகிறேன்: மேட்டூரில் திறக்கிற தண்ணீர் கல்லணையில் பிரிந்து, வழியில் இருக்கிற ஊர் எல்லாம் எடுத்துக்கொண்டது போக, மிச்சம் இருந்தால் கடைசியாகப் போய்ச் சேர்கிற இடத்துக்குத்தான் கடைமடை என்று பெயர். அந்தத் தண்ணீருக்காகவே வாழ்ந்தவர் அவர். சாலை மறியல், உண்ணாவிரதம், ஆபீஸ் வாசலில் உட்காருவது, எல்லாவற்றுக்கும் முன்வரிசை. காய்ந்த பயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கலெக்டர் முன்னால் போய் நிற்பார். இதயத்தில் வால்வு இறுகிப்போய், வாசல்வரை நடந்தாலே மூச்சு வாங்கியதால் எங்களிடம் வந்தார்.

வால்வு என்று சொன்னதும், டாக்டர் விளக்குகிற வேலையே இல்லாமல் பெரியவர் பிடித்துக்கொண்டார்.

"பம்புசெட்டுல ஃபுட் வால்வு போனா மோட்டாரு வெறும் காத்தைத்தான் இழுக்கும். மாத்திப்புடுங்க. இதுக்குப் போயி எதுக்கு இவ்ளோ பேசுறீங்க?"

டாக்டருக்கு ஒரே பூரிப்பு. "பார்த்தீங்களா சிஸ்டர், அவங்க பாஷையில பேசணும்" என்றார். பேசியது என்னவோ பெரியவர்தான்.

காலையில் வால்வு மாற்றினோம். முழு மயக்கம் கிடையாது. லேசாகத் தூக்கம் வருகிற மருந்தும், தொடையில் மரத்துப்போக ஊசியும் மட்டும். வால்வு அழகாக உட்கார்ந்தது. முடிச்சை இறக்கினார், இறுக்கினார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தையே பார்த்தோம். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அப்படியே விட்டிருக்கலாம். சந்தோஷம் தாங்காமல் டாக்டர் பெரியவரின் காதருகே குனிந்து கத்தினார்.

"ஐயா! மடையை அடைச்சாச்சு! இனிமே ஒரு சொட்டு போகாது!"

தூங்கிக்கொண்டிருந்த மனிதர் கண்ணைத் திறந்தார்.

"எப்பத் தொறப்பீங்க?"

"தொறக்கவே மாட்டோம் ஐயா. பர்மனென்ட்!"

பெரியவர் கூரையையே கொஞ்ச நேரம் வெறித்துப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மருந்து வேலை செய்கிறது என்று நாங்கள் நினைத்தோம். வலது பாதத்தில் கை வைத்துப் பார்த்தேன், நாடி துடித்தது. வார்டுக்கு அனுப்பிவிட்டு அடுத்த கேஸுக்கு மேஜையைத் துடைத்தோம்.

மதியம் வார்டிலிருந்து போன் வந்தது. டியூட்டியில் இருந்தது பிரியா என்கிற பெண். கெட்டிக்காரி. ஆனால் கோயம்புத்தூரில் பிறந்து வளர்ந்தவள்.

"சிஸ்டர், பெரியவர் சாப்பிட மாட்டேங்கிறார். உண்ணாவிரதமாம்."

"எதுக்கு?"

"கடைமடைக்குத் தண்ணி விடணுமாம்."

டாக்டரிடம் சொன்னேன். வயசானவர், மருந்து மயக்கத்தில் உளறுகிறார் என்று சொல்லி, ரத்தத்தில் சோடியம் எவ்வளவு என்று பார்க்கச் சொன்னார். நான் கேட்க வேண்டியதையெல்லாம் பிரியாவிடம் கேட்டேன்.

"தொடையில டிரெஸ்ஸிங் எப்படி இருக்கு?"

"காய்ஞ்சு இருக்கு சிஸ்டர். ஒரு சொட்டு ரத்தம் இல்ல."

"கால்?"

"கால் காயுதுன்னு சொல்லிட்டே இருக்கார். டெம்பரேச்சர் பார்த்தேன், நார்மல்தான். இருந்தாலும் பாராசிட்டமால் கொடுத்திருக்கேன்."

டிரெஸ்ஸிங் காய்ந்திருக்கிறது, கால் சூடாக இருக்கிறது, ஆள் வாய் ஓயாமல் பேசுகிறார். இதைவிட நல்ல செய்தி என்ன வேண்டும்? போனை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

டீ ஆறுவதற்குள் மறுபடியும் போன். இந்தத் தடவை பிரியாவின் குரல் கீச்சென்றிருந்தது. "சிஸ்டர், எந்திரிச்சு உட்காரப் போறேங்கிறார். கோரிக்கையை ஏத்துக்கிற வரைக்கும் உட்கார்ந்தே இருப்பாராம். சம்மணம் போட்டு!"

தொடையில் அவ்வளவு பெரிய ஓட்டையை மூடிய அன்றைக்கு ஒரு மனிதர் செய்யக்கூடாத காரியங்களை வரிசைப்படுத்தினால், சம்மணம் போட்டு உட்காருவதுதான் முதலில் வரும். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியேறி ஓடினேன். என் முழங்கால் அப்போதே மக்கர் பண்ணும், அதையும் திட்டிக்கொண்டே ஓடினேன்.

வார்டில் ஒரே பொதுக்கூட்டம். பெரியவர் முழங்கையை ஊன்றிப் பாதி எழுந்திருக்கிறார். பிரியா தோளைப் பிடித்து அழுத்துகிறாள். பக்கத்துக் கட்டிலில், ஆஞ்சியோ பண்ணிக்கொண்ட ஜவுளிக்கடை பாய் ஒருவர் தலையணையில் சாய்ந்துகொண்டு, "நியாயத்தைத்தானே அண்ணன் கேக்குறாரு" என்று ஆதரவு தெரிவித்துக்கொண்டிருக்கிறார். பெரியவரின் மனைவி அஞ்சம்மா மட்டும் பதறாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது.

"இப்புடித்தாங்க சிஸ்டரு. கலெக்டராபீஸ் வாசல்லயும் இப்புடித்தான் உக்காந்துப்பாரு. நான் தூக்குவாளில சோறு எடுத்துக்கிட்டுப் போவேன்."

"உண்ணாவிரதத்துக்கு எதுக்குங்க சோறு?"

"சாயங்காலம் முடிச்சு வெச்சதும் பசிக்கும்ல?"

நான் பெரியவரிடம் திரும்பினேன். "ஐயா, படுங்க. உட்கார்ந்தா முடிச்சு விட்டுக்கும். ரத்தம் கொட்டும்."

"கொட்டட்டும்! கொட்டுனாத்தானே ஓடுதுன்னு தெரியும்!"

"என்னதான் வேணும் உங்களுக்கு?"

"மடைய அடைச்சா வயலு என்னாகும்? நீ சொல்லும்மா. காயும்ல? அதான் காயுது. காலு காயுது. மொதல்ல கடைமடைதான் காயும், வெரலு காயுது. தொறக்கவே மாட்டேன்னு அந்த டாக்டரு என் மூஞ்சிக்கு நேரா சொல்றாரு. ஆறு மாசத்துக்கு ஒரு மொறையாவது தொறந்து விடுவாங்கன்னு பார்த்தா, பர்மனென்டாம்ல!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் தஞ்சாவூர் டவுன்காரி, ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், நெல்லை அரிசியாகத்தான் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் மடை என்பது வயலுக்குத் தண்ணீர் பாய்கிற வாய் என்பதுகூடவா தெரியாது? அதை அடைத்தேன் என்று ஒரு கடைமடை விவசாயியிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார் மனிதர். தலையில் அடித்துக்கொண்டேன்.

"ஐயா, அவர் வார்த்தையை மாத்திச் சொல்லிட்டார். மடை இல்ல, உடைப்பு. கரை உடைஞ்சா அடைப்பீங்கல்ல? அடைச்சா தண்ணி வெளியில போகாம நேரா வாய்க்கால்ல போகும்ல? அதைத்தான் பண்ணியிருக்கோம்."

பெரியவர் யோசித்தார். பாயும் யோசித்தார்.

"ஒடைப்பா? அப்பறம் எதுக்கு மடைன்னாரு?"

"சென்னைக்காரருங்க."

"ம்." அந்தக் காரணம் அவருக்குப் போதுமானதாக இருந்தது. "அப்ப ஓட்டம் இருக்கா?"

"ஜம்முன்னு இருக்கு."

"அப்ப ஏன் காயுது?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. டீ வேறு ஆறிக்கொண்டிருக்கும். "எங்க காயுது? உங்களுக்குக் காய்ச்சலே இல்ல. இந்தாங்க, நானே பார்க்கிறேன்" என்று போர்வையை விலக்கி வலது பாதத்தைப் பிடித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், பரிசோதனை பண்ணுவதற்காகப் பிடிக்கவில்லை. அவர் வாயை அடைப்பதற்காகப் பிடித்தேன்.

பாதம் ஜில்லென்று இருந்தது.

ஏசி வார்டு, அதனால் இருக்கும் என்று என் மனசே எனக்குச் சமாதானம் சொன்னது. இடது பாதத்தைத் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. மறுபடியும் வலது பாதம். வெளுத்துப் போயிருந்தது. நாடி துடிக்கிற இடத்தில் விரலை வைத்தேன், நகர்த்தினேன், அழுத்தினேன், லேசாக்கினேன். ஒன்றுமில்லை.

"ஐயா, காயுதுன்னா... சூடா இருக்குன்னுதானே சொன்னீங்க?"

"சூடா? எவ சொன்னா சூடுன்னு? பயிரு காயுதுன்னா சூடாவா இருக்கும்? காஞ்சு போச்சும்மா. நீ தொடுறது எனக்குத் தெரியவேயில்ல."

பிரியாவைச் சொல்லிக் குற்றமில்லை. உடம்பு காயுது என்றால் காய்ச்சல் என்றுதான் நம் வீட்டில் எல்லோரும் சொல்கிறோம். அவர் பயிருக்குச் சொல்கிற வார்த்தையைக் காலுக்குச் சொன்னார், அவள் உடம்புக்குச் சொல்கிற வார்த்தையாக எடுத்துக்கொண்டாள். நடுவில் கால் செத்துக்கொண்டிருந்தது.

ரத்தம் போகாத கால் அதிக நேரம் தாங்காது. சதை செத்துவிட்டால் பிறகு வெட்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. இதை நான் கத்திச் சொன்னால் மனிதர் விருட்டென்று எழுந்து உட்காருவார், அது வேறு வம்பு. சிரித்த முகமாக வைத்துக்கொண்டேன். எப்படி வைத்துக்கொண்டேனோ தெரியாது.

"ஐயா, உங்க கோரிக்கையை ஏத்துக்கிட்டாச்சு. அதிகாரி நேர்ல வந்து பார்வையிடணும். அதுவரைக்கும் படுத்தபடிக்குத்தான் போராடணும்."

"எழுத்துல குடு."

"இப்போதைக்கு வாய்மொழிதான்."

"வாய்மொழிய நம்பி எத்தன போகம் போச்சு தெரியுமா?"

பாய் குறுக்கே வந்தார். "நான் சாட்சிண்ணே. சிஸ்டரம்மா சொன்னதை என் ரெண்டு காதாலயும் கேட்டேன். படுங்க." பெரியவர் படுத்தார். அந்தப் பாய்க்கு ஆண்டவன் நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும்.

வராந்தாவுக்கு வந்து டாக்டருக்குப் போன் போட்டேன். "என்ன சிஸ்டர், கடைமடைக்குத் தண்ணி விட்டாச்சா?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "வலது கால் ஜில்லுன்னு இருக்கு. பல்ஸ் இல்ல. இடது கால் சூடா இருக்கு" என்றேன். மூன்றே வாக்கியம். நீங்களும் அப்படித்தான் சொல்ல வேண்டும். "எனக்குத் தோணுது, ஒருவேளை, வந்து பார்த்தா பரவாயில்ல" என்று இழுத்தால் அவர்கள் கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டுத்தான் வருவார்கள்.

அவர் வார்டுக்குள் வந்தபோது மூச்சிரைத்தது, ஒரு கால் ஷூவின் கயிறு அவிழ்ந்து கிடந்தது. ஸ்கேன் பண்ணிப் பார்த்தோம். நூல் ஓட்டையை மட்டும் பிடிக்காமல் குழாயின் பின்பக்கச் சுவரையும் சேர்த்துப் பிடித்துவிட்டது. அதை இறுக்கியதில் குழாய் குறுகி, முதலில் கொஞ்சமாவது ஓடிய ரத்தம் அங்கே தேங்கி உறைந்து, இப்போது முழுசாக நின்றிருந்தது. யாருக்கும் நடக்கக்கூடியதுதான், உலகத்தில் எவ்வளவு கெட்டிக்காரக் கைக்கும் நடக்கும். ஆனால் மடையை அடைத்தேன் என்று வாயால் சொன்னபடிக்கே அவர் செய்துமிருந்தார்.

பெரியவருக்கு விளக்க வேண்டுமே. டாக்டர் வாயைத் திறந்தார். மூடினார். என்னைப் பார்த்தார். எந்த வார்த்தையைத் தொட்டாலும் கடிக்கும் போலிருந்தது அவருக்கு.

"ஐயா... நீங்க சொன்னது சரிதான். அடைஞ்சிருக்கு."

"மடையா, ஒடைப்பா?"

"மடை."

பெரியவர் பாயைத் திரும்பிப் பார்த்தார். பாய் தலையை ஆட்டினார்.

"தொறக்கணும்னா கத்தி வைக்கணும் ஐயா. இப்பவே."

"வையிப்பா. முழுசாக் காயிறதுக்குள்ள வை."

இதுவரை அசையாமல் இருந்த அஞ்சம்மா அப்போதுதான் என் கையைப் பிடித்தது. "கால எடுத்துருவாங்களா சிஸ்டரு? நடக்க முடியாமப் போனா இந்த மனுசன் இருக்க மாட்டாரு. ஊர் ஊரா நடந்தே பழகுன காலு." எடுக்க மாட்டார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை, எனக்கும் தெரியாது. "வாங்க, கூட வாங்க" என்று மட்டும் சொன்னேன். ஆபரேஷன் தியேட்டர் வாசல்வரை ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டே வந்தது. உள்ளே போகும்போது, "சோறு எடுத்து வெக்கிறேன்" என்று அவரிடம் சொன்னது.

ரத்தக்குழாய் சர்ஜன் தொடையைத் திறந்தார், நூலை வெட்டினார், உறைந்ததை எடுத்தார், குழாயைக் கையாலேயே தைத்தார். அதையெல்லாம் நீங்கள் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். நான் பாதத்தின் பக்கம் நின்றேன்.

நிற்கும்போது எனக்கு என்மேலேயே எரிச்சலாக வந்தது, எல்லோர்மேலும் வந்தது. அதை உங்களிடம் சொல்லத்தான் இவ்வளவும் பேசினேன். தொடையில் ஓட்டையை மூடுகிற நமக்கெல்லாம் ஒரே பயம்தான், ரத்தம் வெளியே வந்துவிடுமோ என்று. டிரெஸ்ஸிங் காய்ந்திருந்தால் நிம்மதியாகி விடுகிறோம். உள்ளே ஓட வேண்டியது ஓடாவிட்டாலும் டிரெஸ்ஸிங் காய்ந்துதான் இருக்கும்! காய்ந்த பஞ்சைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவளை அதற்குப் பிறகு நான் என் லேபில் வைத்துக்கொண்டதில்லை. பாதத்தைத் தொடுங்கள். ஒரு பாதத்தை மட்டும் தொட்டுவிட்டு ஏசிமேல் பழியைப் போடாதீர்கள், இரண்டையும் தொடுங்கள். நோயாளி ஒரு வார்த்தை சொன்னால் அதை உங்கள் ஊர் அர்த்தத்தில் எழுதாதீர்கள், "அப்படின்னா எப்படி இருக்கு?" என்று இன்னொரு தடவை கேளுங்கள். ஆள் சண்டைக்காரராக இருந்தால் இரண்டு தடவை கேளுங்கள். தொல்லை பண்ணுகிறவர் சொல்வது உளறல் என்று நாம் சுலபமாக நம்பிவிடுகிறோம்.

சாயங்காலம் ஐசியூவில் பெரியவர் கண் விழித்தார். தொடையில் பெரிய கட்டு. டாக்டர் வந்தார். வாயைத் திறக்கவில்லை. கையில் பேனா அளவுக்கு ஒரு டாப்ளர் கருவி இருந்தது, ரத்தம் ஓடுகிற சத்தத்தை வெளியே கேட்க வைக்கிற கருவி. பாதத்தின் மேல் ஜெல்லைத் தடவி அதை வைத்தார். முதலில் கரகரப்புதான் வந்தது. டாக்டரின் நெற்றியில் வேர்வை. கொஞ்சம் நகர்த்தினார்.

ஷ்வ்வ்... ஷ்வ்வ்... ஷ்வ்வ்...

"என்னது அது?" என்றார் பெரியவர்.

டாக்டருக்கு உதடு துடித்தது. நான் முறைத்த முறைப்பில் அடக்கிக்கொண்டார். "நீங்களே சொல்லுங்க ஐயா" என்றேன் நான்.

பெரியவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். ரொம்ப நேரம் கேட்டார். முகம் மெதுவாக மாறியது.

"தண்ணி" என்றார். "எங்க, வெரலுகிட்டயா கேக்குது?"

"விரல்கிட்டதான்."

"அஞ்சம்மாவக் கூப்புடுங்க."

அஞ்சம்மா வந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டது. கேட்டுக்கொண்டே அழுதது. டாக்டர் கருவியை எடுக்கப் போனார், "இருப்பா, இன்னுங் கொஞ்சம் ஓடட்டும்" என்றார் பெரியவர். டாக்டர் குனிந்தபடியே பிடித்துக்கொண்டு நின்றார்.

பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்துச் சொன்னார்:

"ஆயுசு பூரா மனு குடுத்திருக்கேன் டாக்டரே. கேட்ட அன்னைக்கே தண்ணி வந்து சேந்தது இன்னைக்குத்தான்."